துருவைச் சுவாசிக்கும் உயிர்கள்



ஜவ்வாது மலைக்கு அறிவியல் பேச வருகிறவர்கள் வழக்கமாகக் காவலூரில் தொடங்குவார்கள். நியாயம்தான். 1972இல் அங்கே நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கி, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டு என்பதற்கு 1977இல் கிடைத்த தடயங்களில் பங்குகொண்டது. 1986 முதல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. நான் பேச வந்திருப்பது அதே மலையில் தலையைக் குனிந்து பார்க்க வேண்டிய விஷயம். பள்ளத்தாக்கு வயலிலும் ஏரிக்கரைச் சேற்றிலும், காற்று எட்டாத ஆழத்தில், இரும்பைக் கொண்டு மூச்சுவிடும் பாக்டீரியாக்கள்.

அவை இந்த மலைக்கு மட்டும் சொந்தம் என்று யாரும் பெருமைப்பட வேண்டாம். செம்மண்ணில் தண்ணீர் தேங்கும் இடமெல்லாம் அவை உண்டு. ஆனால் இங்கே வந்து அதைப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த மலையில் பெய்யும் மழை எங்கே போகிறது என்று பாருங்கள். வடக்கே இறங்கும் ஓடைகள் பாலாற்றுக்குப் போகின்றன. செய்யாறு இங்கே பிறந்து, நெடுந்தூரம் சுற்றி, அதே பாலாற்றில் கலக்கிறது. பாலாற்றங்கரையில் வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை. அங்கே போய்ச் சேரும்போது பேச்சு இரும்பிலிருந்து குரோமியத்துக்கு மாறியிருக்கும்.

முதலில் மூச்சு. ஆக்ஸிஜனை உள்ளே இழுத்துக் கரியமில வாயுவை வெளியே விடுவது என்று பள்ளியில் படித்தோம். அது நுரையீரல் அளவிலான கதை. செல்லுக்குள் நடப்பது இன்னும் அடிப்படையானது. தின்ற சோற்றிலிருந்து செல் எலக்ட்ரான்களை உருவுகிறது. அவற்றைப் படிப்படியாக இறக்கி, இறங்கும்போது கிடைக்கும் ஆற்றலைச் சேமித்துக்கொள்கிறது. கடைசிப் படிக்கு வந்த எலக்ட்ரானை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க ஆள் இல்லையென்றால் பின்னால் இருப்பதெல்லாம் அடைத்துக்கொள்ளும், சில நிமிடங்களில் ஆற்றல் வருவது நின்றுவிடும். மூச்சுத் திணறிச் சாவது என்றால் செல் மட்டத்தில் இதுதான். நமக்கு வாங்கிக்கொள்ளும் ஆள் ஆக்ஸிஜன் ஒன்றே. வாங்கிக்கொண்டு அது தண்ணீராகிறது.

பாக்டீரியாக்களுக்கு அந்த ஒரே கட்டாயம் கிடையாது. நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் என்று யார் கிடைத்தாலும் எலக்ட்ரானைத் தள்ளிவிடும் இனங்கள் இருக்கின்றன. இதை மூக்கால் அறியவும் முடியும். கடல் மீனின் சதையில் டிரைமெதிலமீன் ஆக்ஸைடு என்ற மணமில்லாத பொருள் உண்டு. மீன் செத்து, ஐஸ் போதாமல் கிடக்கும்போது, சில பாக்டீரியாக்கள் அந்தப் பொருளின்மேல் எலக்ட்ரானை இறக்கி வைக்கின்றன. அது டிரைமெதிலமீனாக மாறுகிறது. மீன் கவிச்சி என்று நாம் முகம் சுளிப்பது பெருமளவு அந்த வாயுவைத்தான். ஆக, கவிச்சி என்பது ஆக்ஸிஜன் இல்லாத ஒரு மூச்சின் மிச்சம். மீனைக் கெடுக்கும் அந்தக் கூட்டத்தில் முக்கியமான ஒன்றுக்கு, மீன் கெடுவதை ஆராய்ந்த ஸ்காட்லாந்து நுண்ணுயிரியலாளர் ஜேம்ஸ் ஷிவானின் நினைவாக ஷிவானெல்லா என்று பெயர். இந்தப் பெயரை மறந்துவிடாதீர்கள், சற்று நேரத்தில் ஓர் ஏரியில் மீண்டும் வரும்.

இனி வயலுக்கு இறங்குவோம். மலைச்சரிவில் சாமை விதைக்கிறீர்கள். அங்கே மழை நிற்பதில்லை. மண்ணின் இடைவெளிகளில் காற்று இருக்கிறது. சரிவு முடியும் பள்ளத்தில் நெல். அங்கே தண்ணீர் கட்டிச் சேறடிக்கிறீர்கள். ஒரே மண், ஒரே மழை, ஆனால் இரண்டு உலகங்கள். ஆக்ஸிஜன் காற்றில் பரவும் வேகத்தைவிடத் தண்ணீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. சேற்றில் மக்கும் தாளையும் தழையையும் தின்னும் பாக்டீரியாக்கள், இருக்கும் ஆக்ஸிஜனை ஓரிரு நாளில் தீர்த்துவிடுகின்றன. அதன்பின் மேல்தோலாகச் சில மில்லிமீட்டர் சேற்றில் மட்டும் ஆக்ஸிஜன் மிஞ்சுகிறது.

கீழே ஒரு வரிசைப்படி மாற்று ஆட்கள் வருகிறார்கள். முதலில் நைட்ரேட், அது சீக்கிரம் தீர்ந்துபோகும். அடுத்து மாங்கனீசு ஆக்ஸைடு. அதற்கடுத்து இரும்பு ஆக்ஸைடு, சாதாரண மொழியில் துரு. பிறகு சல்பேட். எல்லாம் கைவிட்ட பிறகு கடைசியாக மீத்தேன் உண்டாக்கும் கூட்டம். எது அதிக ஆற்றல் தருமோ அது முதலில் செலவாகிறது. வெள்ளம் நின்ற நிலத்தின் இந்த வேதியியலை ஒழுங்குபடுத்தி எழுதியவர்களில் முதன்மையானவர் இலங்கையைச் சேர்ந்த பொன்னம்பெருமா. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் மண் வேதியியலாளராக இருந்தவர். 1972இல் வந்த அவருடைய நீண்ட கட்டுரையை நெல் மண்ணில் வேலை செய்கிறவர்கள் இன்னும் புரட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்த வரிசையில் நம் செம்மண்ணுக்கு முக்கியமானது இரும்பு. நைட்ரேட்டும் மாங்கனீசும் கொஞ்சம், இரும்பு ஏராளம். இந்த மலையின் சார்னோக்கைட், நைஸ் பாறைகள் வெயிலிலும் மழையிலும் நைந்து, அவற்றிலிருந்த இரும்பு துருவாகி, மண்ணுக்குச் சிவப்பைக் கொடுத்தது. மூன்று எலக்ட்ரான் இழந்த இரும்பு, ஃபெர்ரிக் என்பது அதற்குப் பெயர். அதற்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்தால் ஃபெர்ரஸ் ஆகும். ஃபெர்ரிக் சிவப்பு, தண்ணீரில் கரையாது. ஃபெர்ரஸ் தண்ணீரில் கரையும், சிவப்பும் போய்விடும். நடவு வயலில் காலை வைத்து எடுக்கும்போது, மேலே செம்பழுப்பும் உள்ளே சாம்பலும் கருநீலமுமாகச் சேறு வருகிறதே, உள்ளே இருந்த சிவப்பைக் கரைத்துவிட்டது பாக்டீரியாவின் மூச்சு. கருப்பு இன்னொரு கூட்டத்தின் வேலை: சல்பேட்டில் மூச்சுவிடுகிறவை வெளியிடும் சல்பைடு, ஃபெர்ரஸோடு சேர்ந்து இரும்பு சல்பைடாகிறது.

இதோ மேசையில் இருக்கும் கண்ணாடிக் குடுவையைப் பாருங்கள். அடிவாரத்து வயலின் சேறு, தண்ணீர் மூடி நிற்கிறது. மேல்பக்கம் விரற்கடை தடிமன்கூட இல்லாத பழுப்புக் கோடு. அதற்குக் கீழே எல்லாம் சாம்பல். ஒரு கரண்டி சாம்பல் சேற்றை இந்த வெள்ளைத் தட்டில் பரப்பி வைக்கிறேன். நான் பேசி முடிப்பதற்குள் ஓரங்கள் பழுப்பாகத் தொடங்கும். காற்றுப் பட்டதும் ஃபெர்ரஸ் திரும்பவும் துருவாகிறது. நாற்றைப் பிடுங்கிப் பார்த்தாலும் இதே கதைதான். நெல் தன் தண்டிலுள்ள காற்றுக் குழல்கள் வழியாக வேருக்கு ஆக்ஸிஜனை இறக்குகிறது. அதில் கொஞ்சம் வெளியே கசிகிறது. கசிந்த இடத்தில் ஃபெர்ரஸ் துருவாகி வேரின்மேல் செம்பழுப்புப் பூச்சாகப் படிகிறது. புது வேர் வெள்ளையாகவும் பழைய வேர் துருவேறியும் இருப்பது அதனால்தான்.

வாய்க்கால் ஓரத்தில் தண்ணீர்மேல் வானவில் நிறங்களில் ஒரு படலம் மிதக்கும். மோட்டாரிலிருந்து ஆயில் ஒழுகுகிறது என்று சண்டை பிடிக்கும் முன் ஒரு குச்சியால் தொட்டுப் பாருங்கள். படலம் கண்ணாடிச் சில்லுகளாக உடைந்து தனித்தனியே நின்றால் அது இரும்பு. உடைந்த இடம் உடனே கூடிக்கொண்டால்தான் ஆயில்.

உழவருக்கு இதில் லாபம் உண்டு, நட்டமும் உண்டு. துருவோடு ஒட்டிக் கிடக்கும் பாஸ்பரஸ், துரு கரையும்போது விடுபட்டு நெல்லுக்குக் கிடைக்கிறது. சேறடித்த நிலத்தில் பாஸ்பரஸ் கூடுதலாகக் கிடைப்பதற்கு இது பெரிய காரணம். ஃபெர்ரஸ் அளவு மீறினால் இலை வெண்கல நிறத்தில் புள்ளிபுள்ளியாகும். அதற்கும் இதே மூச்சுதான் காரணம். நம் ஆட்கள் நெல்லுக்குத் தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகக் கொடு என்பார்கள். திருந்திய நெல் சாகுபடியிலும் அதைத்தான் சொல்கிறார்கள். தண்ணீர் மிச்சம் என்பதோடு நம்மவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிடச் சுவையாகத் தோன்றுவது வேறு. காய்ச்சலில் மண் வெடித்து உள்ளே காற்று போகும்போது, கரைந்திருந்த ஃபெர்ரஸ் மீண்டும் துருவாகிறது. அடுத்த பாய்ச்சலில் இரும்பைச் சுவாசிக்கிறவற்றுக்குப் புதிதாகத் துரு தயார். துரு இருக்கும்வரை அவை அசிட்டேட்டையும் ஹைட்ரஜனையும் முந்திக்கொண்டு தின்றுவிடுவதால், அதே உணவை நம்பியிருக்கும் மீத்தேன் கூட்டம் பட்டினி கிடக்கிறது. இந்த முறையில் வயலின் மீத்தேன் பாதியளவு வரை குறைவதாகப் பல நாட்டு வயல் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மீத்தேனைப் பற்றி யாரும் பேசாத காலத்திலிருந்தே நம்மிடம் புழங்கும் பழக்கம் இது.

இப்போது என்னைப் பல வருடங்களாகப் பிடித்து வைத்திருக்கும் புதிருக்கு வருகிறேன். ஆக்ஸிஜன் ஒரு வாயு. செல்லுக்குள் தானாகப் புகுந்துவிடும், எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். நைட்ரேட்டும் சல்பேட்டும் தண்ணீரில் கரைந்தவை, அவற்றையும் உள்ளே இழுக்கலாம். துருவோ கல். இரண்டு மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஒரு செல்லால் கல்லை விழுங்க முடியாது. அப்படியானால் எலக்ட்ரான்தான் வெளியே போக வேண்டும். ஆனால் செல்லைச் சுற்றிக் கொழுப்புச் சவ்வு. கொழுப்பு மின்சாரம் கடத்தாது. நாம் பார்க்கப்போகும் இனங்களுக்கு அந்தச் சவ்வு ஒன்றுக்கு இரண்டு. எப்படிக் கடத்துகின்றன?

கேள்வி எழுந்த இடம் நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா ஏரி. அங்கே மாங்கனீசு ஆக்ஸைடு, வெறும் வேதியியலால் விளக்க முடியாத வேகத்தில் கரைந்து போவதைக் கென்னத் நீல்சன் கவனித்தார். ஏரியின் சேற்றிலிருந்து அவரும் சார்லஸ் மையர்ஸும் ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, அது மாங்கனீசைச் சுவாசித்து வளர்கிறது என்று 1988இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். முன்பு சொன்ன ஷிவானெல்லா குடும்பம்தான் அது. இன்று ஷிவானெல்லா ஒனைடென்சிஸ் என்று அழைக்கிறார்கள். அதே காலத்தில் வாஷிங்டன் நகரையொட்டி ஓடும் போட்டோமாக் ஆற்றின் சேற்றில் டெரெக் லவ்லி இன்னொன்றைக் கண்டார். அசிட்டேட்டைத் தின்று துருவைச் சுவாசித்தது அது. சுவாசித்த துரு காந்தக் கல்லாக, மேக்னடைட்டாக, குடுவையின் அடியில் படிந்தது. காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். 1987இல் நேச்சர் இதழில் வந்த செய்தி. பிற்பாடு அதற்கு ஜியோபேக்டர் என்று பெயரானது.

திருவண்ணாமலைக்கு அருகே கவுத்தி மலை, வேடியப்பன் மலை இரண்டிலும் இருப்பது மேக்னடைட்தான்; இரும்பும் குவார்ட்சும் பட்டை பட்டையாக மாறி மாறி அமைந்த பாறை. உலகின் வேறு இடங்களில் இத்தகைய பட்டை இரும்புப் பாறைகளை ஆராய்ந்தவர்களில் ஒரு சாரார், 250 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் இரும்பைச் சுவாசித்த உயிர்களுக்கு அவை உருவானதில் பங்கு உண்டு என்கிறார்கள். ஆக்ஸிஜன் காற்றில் நிறைவதற்கு முந்தைய காலம் அது. நம் மூச்சு பிற்பாடு வந்த மூச்சு.

எலக்ட்ரான் வெளியே போகும் வழிக்கு வருவோம். வீட்டுக்குத் தளம் போடும் நாளில் சித்தாட்கள் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆள் நகர்வதில்லை, சட்டி மட்டும் மேலே போய்விடும். ஷிவானெல்லா அப்படித்தான் செய்கிறது. கைகளுக்குப் பதில் ஹீம்கள். ஹீம் என்றால் நடுவே ஓர் இரும்பு அணு அமர்ந்த வளைய மூலக்கூறு. நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பதும் அதுவே. உட்சவ்வில் ஒரு புரதம், அதில் நான்கு ஹீம். வெளிச்சவ்வில் ஒரு புரதக் குழாய். அதற்குள் செருகிய புரதத்தில் பத்து ஹீம், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தில் இன்னொரு பத்து. இருபதும் ஒன்றையொன்று தொடும் தூரத்தில் அடுக்கியிருக்கின்றன. எலக்ட்ரான் ஹீமுக்கு ஹீம் தாவி, கொழுப்பைத் தொடாமலே சுவரைக் கடந்துவிடுகிறது. குழாய், உறை போர்த்திய மின்கம்பிக்குரிய வேலையைச் செய்கிறது என்பதை இந்த இருபது ஹீம்களின் படிக வடிவம் 2020இல் தெளிவாகக் காட்டியது. மின்கம்பியைக் கண்டுபிடித்தவர்கள் நாம் என்று சொல்லிக்கொள்வதில் கொஞ்சம் அடக்கம் தேவை.

செல் துருவைத் தொட்டுக்கொண்டிருந்தால் இவ்வளவு போதும். சற்றுத் தள்ளியிருந்தால்? ஷிவானெல்லா தண்ணீருக்குள் ஃபிளேவின்களை வெளியிடுகிறது. ரைபோஃபிளேவின், அதாவது மருந்துக் கடையில் வாங்கும் வைட்டமின் பி2, அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அது எலக்ட்ரானை வாங்கிப் போய்த் துருவிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்து மறுபடி வாங்குகிறது. 2008இல் இது உறுதியானது. மக்கிய இலைதழையின் ஹியூமிக் பொருள்களும் இதே தரகு வேலையைச் செய்யும். எரு போட்ட வயலில் சேறு விரைவாகச் சாம்பல் நிறமாவதற்கு, தின்ன உணவு கூடுதல் என்பதோடு இதுவும் சேர்ந்துகொள்கிறது.

ஜியோபேக்டர் தூது அனுப்புவதில்லை. மெல்லிய இழைகளை நீட்டுகிறது. அந்த இழைகள் மின்சாரம் கடத்துகின்றன என்று 2005இல் லவ்லியின் குழு நேச்சரில் எழுதியபோது பெரிய பரபரப்பு. அவை பிலி என்ற புரத முடிகள் என்றார்கள். 2019இல் யேல் பல்கலைக்கழகத்தின் நிகில் மால்வன்கரும் உடன் ஆய்ந்தவர்களும் இழையை உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது வேறொன்று தெரிந்தது: ஆறு ஹீம் கொண்ட ஒரே வகைப் புரதம் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருந்தது. பிலி கட்சிக்காரர்கள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை, வாதம் இன்னும் ஓயவில்லை. என் சாய்வு ஹீம் பக்கம். அணு அணுவாக வடிவம் தெரிந்த இழை கையில் இருக்கும்போது, அதைப் பார்க்காமல் வாதாடுவது கடினம். தவிரவும் இந்த உயிரின் மரபணுத் தொகுதியில் இத்தகைய ஹீம் புரதங்கள் நூற்றுக்கும் மேல். திரளாக வளர்த்தால் செல்களே சிவந்து தெரியும்.

இத்தனை ஏற்பாடும் ஏன் என்றால், இரும்பு மூச்சு ஏழை மூச்சு. ஒரு அசிட்டேட் மூலக்கூறிலிருந்து எட்டு எலக்ட்ரான் வரும். ஓர் இரும்பு அணு வாங்குவது ஒன்றே ஒன்று. எடையில் கணக்குப் போட்டால், ஒரு கிராம் அசிட்டேட்டைச் செரிக்க ஏழரை கிராம் இரும்பு வேண்டும். ஆக்ஸிஜன் என்றால் ஒரு கிராமுக்குச் சற்று மேல் போதும். கிடைக்கும் ஆற்றலும் குறைவு.

எலக்ட்ரானைத் துருவுக்குப் பதில் ஒரு கரித்தகட்டில் இறக்கச் செய்து, அந்தத் தகட்டிலிருந்து கம்பி இழுத்தால் மின்சாரம் வருமே என்று கேட்பீர்கள். வரும். சேற்றில் மின்சாரம், வயலில் விளக்கு என்று பத்திரிகைகளும் அவ்வப்போது எழுதும். ஜப்பானில் ஒரு நெல் வயலில் தகடு புதைத்து அளந்து 2008இல் வெளியிட்ட ஆய்வில் உச்சமாகக் கிடைத்தது சதுர மீட்டருக்கு 6 மில்லிவாட். சாதாரணக் கைப்பேசி சார்ஜருக்கு 5 வாட் என்று வையுங்கள். 830 சதுர மீட்டர் தகடு புதைக்க வேண்டும். நம் கணக்கில் இருபது சென்ட் நிலம், ஒரு போனுக்கு. ஆளில்லாத இடத்தில் தண்ணீரின் வெப்பத்தைக் குறித்து அனுப்பும் சிறு கருவிகளுக்கு இது உதவும். அதற்கு மேல் நம்பிக்கை ஊட்டுகிறவர்களிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள்.

இந்த மூச்சு மனிதரைக் கொன்றும் இருக்கிறது. வங்காளத்தில் குளத்துத் தண்ணீரால் வரும் காலராவுக்கும் பேதிக்கும் அஞ்சி, கடந்த நூற்றாண்டின் பின்பாதியில் ஊர்தோறும் குழாய்க் கிணறு போட்டார்கள். 1983இல் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே.சி. சாகா, உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் தடித்து வந்த நோயாளிகளிடம் ஆர்சனிக் நஞ்சை அடையாளம் கண்டார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்கரவர்த்தி பல ஆண்டுகள் ஊர் ஊராக அளந்து பரப்பைக் காட்டினார். ஆர்சனிக் எங்கிருந்து வந்தது? இமயத்திலிருந்து அடித்து வந்த வண்டலில் துருவோடு ஒட்டி, அசையாமல் கிடந்தது. ஆற்றுப்படுகைக்கு அடியில் காற்று இல்லை. மக்கும் தாவரப் பொருள் உண்டு. துருவைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்களுக்குச் சேற்று வயலும் அதுவும் ஒன்றுதான். 2004இல் மான்செஸ்டரின் ஜோனதன் லாய்டும் இந்திய ஆய்வாளர்களும் வங்காள வண்டலை எடுத்துக் காற்றில்லாமல் அடைத்து, அசிட்டேட் ஊட்டிப் பார்த்தார்கள். முதலில் இரும்பு கரைந்தது, பின்னால் ஆர்சனிக் வெளியே வந்தது. வயலில் பாஸ்பரஸை விடுவிக்கும் அதே வேலை, அங்கே நஞ்சை விடுவித்தது.

இப்போது பாலாறு.

ஜவ்வாது மலையின் கடுக்காயும், சமவெளியின் ஆவாரம்பட்டையும் ஒரு காலத்தில் பாலாற்றங்கரை ஊர்களின் தோல் தொழிலுக்கு ஆதாரம். கடுக்காய் பொறுக்கி இறக்கிய தலைமுறையில் இன்னும் சிலர் இந்த அரங்கில் இருக்கலாம். 1970களில் பதனிட்டும் பதனிடாமலும் தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்து, முடித்த தோலையும் தோல் பொருளையும் ஊக்குவித்த பிறகு, டேனரிகள் வேகமாகக் குரோமியத்துக்கு மாறின. நாள்கணக்கில் ஊறப்போட வேண்டிய வேலை மணிக்கணக்கில் முடிந்தது. பதனிடத் தொட்டியில் போடும் குரோமியத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் தோல் பிடிக்கும். மிச்சம் தண்ணீரோடு போகும். 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழில் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதை இந்தியச் சட்டத்தில் வேரூன்றச் செய்த தீர்ப்புகளில் ஒன்று, நம் மாவட்டங்களின் தண்ணீரிலிருந்து வந்தது.

டேனரி பயன்படுத்தும் குரோமியம் மூன்றாம் நிலையில், அதாவது மூன்று எலக்ட்ரான் இழந்த நிலையில், இருப்பது. சாதாரண மண்ணில் அது கரையாமல் படிந்துவிடும், பெரிய ஆபத்தில்லை. ஆபத்து ஆறாம் நிலைக் குரோமியம். அது குரோமேட்டாகத் தண்ணீரில் நன்றாகக் கரைந்து ஓடும். சல்பேட்டின் சாயல் அதற்கு இருப்பதால், சல்பேட்டுக்கென்று செல் வைத்திருக்கும் வாசல் வழியாகவே உள்ளே புகும், புற்றுநோய் உண்டாக்கும். ராணிப்பேட்டை சிப்காட்டில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் ஆலை, டேனரிகளுக்கான குரோமிய உப்புகளுக்காக இந்த ஆறாம் நிலையைத்தான் தயாரித்தது. ஆலை 1990களின் நடுவில் மூடியது. இரண்டு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு மட்டும் வளாகத்தில் மலையாக நின்றது. மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் வழியும். 2006இல் உலகின் மிக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையை அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் பட்டியலிட்டது.

இரும்பைச் சுவாசிக்கும் உயிர்கள் இங்கே உள்ளே வருகின்றன. ஷிவானெல்லாவும் ஜியோபேக்டரும் ஆறாம் நிலைக் குரோமியத்துக்கும் எலக்ட்ரானைக் கொடுக்கும். வாங்கியதும் அது மூன்றாம் நிலைக்கு இறங்கிப் படிந்துவிடும். இதை மூச்சு என்று எப்போதும் சொல்ல முடியாது. பெரும்பாலும் செல்லுக்கு அதனால் ஆதாயம் இல்லை. குரோமேட் அதற்கும் நஞ்சுதான். மறைமுக வழி இதைவிடப் பலமானது. பாக்டீரியா துருவைச் சுவாசித்து விடும் ஃபெர்ரஸ், தானாகவே குரோமேட்டோடு வினைபுரிகிறது. மூன்று ஃபெர்ரஸ் அணு, ஒரு குரோமியம், கணக்கு நேர். அதோடு, மண்ணில் அமைதியாகக் கிடக்கும் மூன்றாம் நிலைக் குரோமியத்தை மீண்டும் ஆறாம் நிலைக்கு ஏற்றும் சாத்தான் மாங்கனீசு ஆக்ஸைடு. ஒனைடா ஏரியில் நீல்சன் பார்த்ததைப் போல மாங்கனீசைச் சுவாசித்துக் கரைக்கும் பாக்டீரியா இருந்தால் அந்த வழியும் அடைபடும்.

அப்படியானால் ராணிப்பேட்டையில் பாக்டீரியாவுக்கு வெல்லப்பாகு ஊற்றிவிட்டால் தீர்ந்ததே என்று ஒரு கூட்டம் கிளம்பும். பொறுங்கள். அமெரிக்காவின் கொலராடோவில் ரைஃபில் என்ற ஊர், பழைய யுரேனிய ஆலை நின்ற இடம். யுரேனியமும் குரோமியத்தைப் போலத்தான், எலக்ட்ரான் வாங்கினால் கரையாத நிலைக்கு இறங்கும். நிலத்தடி நீரில் அசிட்டேட்டைச் செலுத்தி அங்கே உள்ள ஜியோபேக்டரைப் பெருக்கினார்கள். 2003இல் வந்த அறிக்கைப்படி 50 நாளுக்குள் சில கண்காணிப்புக் கிணறுகளில் யுரேனியம் நிர்ணயித்த அளவுக்குக் கீழே போனது. அதற்குப் பிறகும் அசிட்டேட்டை ஊற்றிக்கொண்டே இருந்தபோது இரும்பு தீர்ந்தது, சல்பேட்டைச் சுவாசிக்கும் கூட்டம் மேலெழுந்தது, யுரேனியம் மீண்டும் ஏறத் தொடங்கியது. வரிசை மாறியதும் ஆட்டமும் மாறிவிட்டது.

டேனரித் தண்ணீரில் சல்பேட் குறைவா? குரோமியத்தைப் போடுவதே சல்பேட்டாகத்தான். மயிர் நீக்கும் சுண்ணாம்புக் குழியில் சோடியம் சல்பைடு. அதோடு உப்பு. இந்தத் தண்ணீரில் கரிமப் பொருளை மேலும் ஊற்றினால் முந்திக்கொண்டு பெருகுவது சல்பேட் கூட்டம். அவை விடும் ஹைட்ரஜன் சல்பைடு என்ன செய்யும் என்பதைக் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மடிந்தவர்களின் குடும்பங்கள் அறியும். சல்பைடும் குரோமேட்டை இறக்கும் என்பது உண்மை. விலை என்ன என்பதுதான் கேள்வி. 2015 ஜனவரி 31 விடியலில் ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுச்சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்தில் உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். சேறு என்று நாம் சாதாரணமாகச் சொல்வதை யார் கையாள்கிறார்கள், எங்கே படுத்துறங்குகிறார்கள் என்று கேட்காத எந்தத் திட்டத்துக்கும் நுண்ணுயிரியல் முட்டுக் கொடுக்கக் கூடாது.

என் கட்சி இது. குவியலைப் பாக்டீரியா கரைக்காது. அதை அள்ளிப் பாதுகாப்பாகப் புதைப்பது பொறியாளர் வேலை, மாசுபடுத்தியவர் செலவு. குவியல் போன பிறகு, நிலத்தடியில் மெலிதாகப் பரவிக் கிடக்கும் குரோமேட்டுக்கு இரும்பு மூச்சு உதவும். அங்கேயும் சர்க்கரை ஊற்றுவதற்கு முன் அந்த இடத்தின் துருவையும் சல்பேட்டையும் அளக்க வேண்டும்; துரு தீரும் முன் ஊற்றுவதை நிறுத்தத் தெரிய வேண்டும்.

அளப்பதற்கு மாணவர்களாகிய உங்களுக்கே ஒரு வழி சொல்லிவிட்டு அமர்கிறேன். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். முக்கால் அங்குல வெள்ளைப் பிவிசி பைப்பை இரண்டடி நீளத்துக்கு வெட்டி, உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்குங்கள். ஃபெர்ரிக் குளோரைடும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் உங்கள் வேதியியல் ஆய்வகத்தில் இருக்கும். இரண்டையும் கலந்தால் செம்பழுப்பாக இரும்பு ஆக்ஸைடு படியும். உப்புப் போக அலசி, பெயின்டாகப் பைப்பில் பூசிக் காயவிடுங்கள். ஈரநிலத்தில் செங்குத்தாகச் செருகி நான்கு வாரம் கழித்து உருவி, தண்ணீரில் மெல்ல அலசினால், பாக்டீரியா சுவாசித்த இடத்தில் பெயின்ட் போய் வெள்ளைப் பைப் தெரியும். எந்த ஆழத்தில் தொடங்குகிறது, எவ்வளவு பரப்பு என்பதை அளவுகோல் வைத்துக் குறிக்கலாம். அமெரிக்காவில் சதுப்பு நிலத்தை அடையாளம் காண மண்ணியலாளர்கள் இதைத்தான் செய்கிறார்கள். ஜமுனாமரத்தூர் பக்கத்து நெல் வயல் ஒன்று, அகரம் ஆற்றோர ஏரி ஒன்று, பள்ளிகொண்டாவுக்குக் கீழே பாலாற்றுப் படுகை ஒன்று என்று மூன்று இடத்தில் ஐந்தைந்து பைப் நடுங்கள். வடகிழக்குப் பருவமழை பிடித்த இரண்டாவது வாரத்தில் நட்டால் நல்லது. அதற்கு முன் நட்டால் படுகையில் மணல் காய்ந்து கிடக்கும், பெயின்ட் அப்படியே இருக்கும். ஆற்றில் நடும் பைப்பை மட்டும் கயிறு கட்டிக் கரை மரத்தில் முடிந்து வையுங்கள், வெள்ளம் வந்தால் போய்விடும்.